கேலரியில் பறக்கும் கொடியை என்ன செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

1962 செப்டம்பர் 29, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக அணிக்கும் கென்டக்கி அணிக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கே எல்லோரும் 'ஓல் மிஸ்' என்றுதான் சொல்வார்கள். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞரை அங்கே மாணவராகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்த நேரம் அது. இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் ஒலிபெருக்கி முன் வந்து நின்று, மிசிசிப்பியையும் அதன் மக்களையும் அதன் வழக்கங்களையும் நேசிப்பதாகப் பேசினார். எந்த வழக்கம் என்று அவர் விளக்கத் தேவையே இருக்கவில்லை. கேலரி முழுக்க கான்ஃபெடரேட் கொடிகள் அசைந்தன. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் போர்க்கொடி அது. மறுநாள் இரவு, பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் கலவரம் வெடித்தது. பால் கியார் என்ற பிரெஞ்சுச் செய்தியாளர் உட்பட இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கடுத்த நாள் காலை மெரிடித் கூட்டரசுக் காவலர்கள் சூழப் போய் மாணவராகப் பதிவு செய்துகொண்டார்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று சொல்பவர்கள் அந்த ஒரு இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கொடி கேலரிக்குள் வந்ததே அரசியலாகத்தான். 1948-இல் அதிபர் ட்ரூமன் கறுப்பினத்தவரின் சம உரிமைக்காகக் கொண்டுவந்த திட்டங்களை எதிர்த்துத் தென்மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பிரிந்து போனார்கள். ஓல் மிஸ் ஆட்டங்களில் இந்தக் கொடி பெருகியது அந்தக் காலத்தில்தான். அப்புறம் சியர்லீடர்களே அதைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ரசிகர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் முடிவு அதில்தான் போய் நிற்கும்.

சரி, இப்படி ஒரு கொடி உங்கள் மைதானத்தில் பறக்கிறது, நிர்வாகம் உங்கள் கையில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? உலகத்தில் இதுவரை முயன்று பார்த்தவை பெரும்பாலும் நான்கு வழிகள். அரசியல் கொடி எதுவுமே கூடாது என்று பொதுவாக விதி போட்டு, மீறினால் அபராதம் போடுவது ஒன்று. கொடியைப் பற்றி வாயே திறக்காமல், கம்பு கொண்டுவரக் கூடாது என்பது போல பொருளுக்கு விதி போடுவது இன்னொன்று. இந்தக் கொடி கூடாது என்று பெயர் சொல்லித் தடை செய்வது மூன்றாவது. தடையே போடாமல், நிர்வாகம் தன் அடையாளத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டு ரசிகர்களிடம் பேசிப் பேசிக் குறைப்பது நான்காவது.

இவற்றை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். அந்தக் கொடி, கேலரியில் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பார்த்து 'நீ இங்கே இருக்கக் கூடாது' என்று சொல்கிறதா? அப்படிச் சொல்லும் கொடியும், ஒருவர் தன் ஊருக்காகவோ தன் துயரத்துக்காகவோ தூக்கிவரும் கொடியும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத விதி எனக்கு நல்ல விதியாகப் படவில்லை.

அரசியல் எதுவுமே கூடாது என்ற விதி

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா, உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா, அமெரிக்காவின் எம்.எல்.எஸ் கால்பந்து லீக் எல்லாமே இதை ஏதோ ஒரு வடிவில் வைத்திருந்தன. யாருக்கும் சாய்வு இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், யோசிக்க வேண்டியதில்லை. நான்கில் மோசமான வழி இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

2016 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் கிளப்பின் மைதானத்தில் இஸ்ரேலின் ஹப்போயெல் பீர்ஷெவா அணியோடு சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம். செல்டிக் ரசிகர்கள் பாலஸ்தீனக் கொடிகளை உயர்த்தினார்கள். யூஃபா நடவடிக்கை எடுக்கப்போகிறது என்று தெரிந்ததுமே ரசிகர்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். 1 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. அது பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவிக்கும், பெத்லகேமில் உள்ள ஆய்தா அகதி முகாமின் சிறுவர் மையத்துக்கும் போனது. கடைசியில் கிளப்புக்கு விதித்த அபராதம் சுமார் 8,600 பவுண்டு. கொடி இறங்கியதா? இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கேலரியில் அதே கொடி பறந்தது, அபராதமும் திரும்ப வந்தது.

பார்சிலோனாவிலும் அப்படித்தான். கத்தலோனிய விடுதலையை ஆதரிப்பவர்களின் நட்சத்திரக் கொடியான எஸ்தெலாதாவை ரசிகர்கள் 2015 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்குப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள் என்று 30,000 யூரோ அபராதம். சில மாதங்களில் ஜெர்மனியின் லெவர்குசன் அணியோடு நடந்த ஆட்டத்துக்காக 40,000 யூரோ. 2016 மே மாதம் மாட்ரிட்டில் நடக்கவிருந்த அரசர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு அந்தக் கொடியைக் கொண்டுவரவே கூடாது என்று அங்கிருந்த மத்திய அரசுப் பிரதிநிதி உத்தரவிட்டார். ஆட்டத்துக்குள்ளாகவே நீதிபதி ஒருவர் அதை ரத்து செய்தார். தடை வந்த பிறகு அந்தக் கொடிக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்தக் கொடி பிடிக்காத ஸ்பானியர்கள் ஏராளம் என்பது உண்மை. ஆனால் அது யாரையும் கேலரியைவிட்டுப் போகச் சொல்லும் கொடி அல்ல. தனி நாடு கேட்கும் கொடி. அதையும் வெறுப்புச் சின்னத்தையும் ஒரே பெட்டிக்குள் போடும்போதுதான் விதியின் மேல் ரசிகர்களுக்கு மரியாதை போகிறது.

போதாததற்கு, இந்த விதியை வைத்திருப்பவர்களே அதை மீற வேண்டியிருக்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்த சில நாட்களில் யூஃபாவும் ஃபிஃபாவும் ரஷ்ய அணிகளை விலக்கின. சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு, எங்கள் மைதானத்தில் அரசியலே இல்லை என்று செல்டிக் ரசிகனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

வாசலில் இது என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இன்னும் கவலை. பொது விதி என்றால், எது அரசியல் என்று தீர்மானிப்பவர் வாசலில் நிற்கும் காவலர். 2022 கத்தார் உலகக் கோப்பையில் வேல்ஸ் பெண்கள் அணியின் முன்னாள் கேப்டன் லாரா மெக்காலிஸ்டரிடம், தன்பாலீர்ப்பாளர் உரிமையின் சின்னமான வானவில் நிறத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். மறுநாள் ஒரு பிரேசில் செய்தியாளரிடமிருந்து பெர்னாம்புகோ மாநிலத்தின் கொடியைப் பறித்தார்கள். அந்த மாநிலக் கொடியில் ஒரு வானவில் உண்டு, அவ்வளவுதான்.

எம்.எல்.எஸ் கதை இன்னும் தெளிவானது. 2019-இல் அந்த லீக், ஜெர்மனியில் நாஜிகளை எதிர்க்க 1931-இல் உருவான 'இரும்பு முன்னணி' அமைப்பின் மூன்று அம்புச் சின்னத்தை அரசியல் என்று சொல்லித் தடை செய்தது. போர்ட்லண்ட், சியாட்டில் ரசிகர்கள் களத்தில் தீராப் பகை கொண்டவர்கள். அந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தது. ஆகஸ்ட் 23 அன்று போர்ட்லண்டில் நடந்த ஆட்டத்தின் முதல் 33 நிமிடங்கள் இரண்டு பக்கமும் பாட்டு இல்லை, முரசு இல்லை. 1933-இல் நாஜிகள் அந்த அமைப்பைத் தடை செய்ததை நினைவூட்டத்தான் 33. ஒரு மாதத்தில் லீக் ரசிகர்களோடு உட்கார்ந்து பேசித் தடையை நிறுத்திவைத்தது. நாஜிச் சின்னத்தையும் நாஜி எதிர்ப்புச் சின்னத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஓல் மிஸ்: கம்பும் பேச்சும்

மற்ற வழிகளை ஒப்பிட ஓல் மிஸ்ஸைவிட நல்ல இடம் கிடையாது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே ஒவ்வொன்றாக முயன்றிருக்கிறார்கள்.

1982-இல் ஜான் ஹாக்கின்ஸ் அங்கே முதல் கறுப்பின சியர்லீடராகத் தேர்வானார். ஆட்டத்துக்கு முன் பெரிய கான்ஃபெடரேட் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சியர்லீடர்களின் வேலை. அவர் மாட்டேன் என்றார். வளாகம் கொந்தளித்தது. 1983-இல் வேந்தர் போர்ட்டர் ஃபார்ச்சூன் அறிவித்தார்: இனி இந்தக் கொடி பல்கலைக்கழகத்தின் சின்னம் அல்ல, நாங்கள் யாருக்கும் கொடுக்கவும் மாட்டோம், ஆனால் சொந்தமாகக் கொண்டுவருபவர்களைத் தடுக்க மாட்டோம். இதுதான் நான்காவது வழியின் தொடக்கம். உடனடிப் பலன் பூஜ்யம். இலவசமாகக் கிடைத்ததை ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். பதினான்கு ஆண்டுகள் அப்படியே ஓடின.

ஆனாலும் அந்த அறிவிப்பை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன்பு கொடி பல்கலைக்கழகத்தின் குரல். அதற்குப் பின்பு அது சில ரசிகர்களின் குரல் மட்டும். 1997-இல் பயிற்சியாளர் டாமி டியூபர்வில் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டபோது இந்த வித்தியாசம் உதவியது. கறுப்பின இளைஞர்களை அணிக்குச் சேர்க்கப் போகும்போது இந்தக் கொடிக் காட்சி எங்கள் வேலையைக் கெடுக்கிறது, தயவுசெய்து கொண்டுவராதீர்கள் என்பதுதான் அவர் வேண்டுகோளின் சாரம். கேலரி எந்த நிர்வாகி சொல்லியும் கேட்காது. ஆனால் அணி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கேலரிக்கு உண்டு, அதனால் பயிற்சியாளர் சொன்னால் காது கொடுக்கும். மாணவர் பேரவையும் அதே கோரிக்கையோடு தீர்மானம் போட்டது.

அதே பருவத்தில்தான் வேந்தர் ராபர்ட் கையாட் அந்தப் புகழ்பெற்ற விதியைக் கொண்டுவந்தார். மைதானத்துக்குள் கம்பு கூடாது, பெரிய பதாகை கூடாது, பாதுகாப்புக்காகக் குடைகூடக் கூடாது. கொடி என்ற பேச்சே இல்லை. ஏன் இந்தச் சுற்றுவழி? அது அரசுப் பல்கலைக்கழகம். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தப்படி, ஒரு கருத்து தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அரசு அதைத் தடை செய்ய முடியாது. கம்புக்கு விதி போடலாம், கருத்துக்குப் போட முடியாது. ரிச்சர்ட் பாரெட் என்ற வெள்ளையின ஆதிக்கவாதி வழக்குப் போட்டும் விதி நீதிமன்றத்தில் நிலைத்தது. கம்பு இல்லாமல் கொடியைத் தூக்கிப் பிடிப்பது கஷ்டம், சில பருவங்களில் கேலரியின் தோற்றமே மாறிப்போனது.

நான்கில் மிக வேகமாக வேலை செய்தது இதுதான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சண்டை இல்லை, வாசல் காவலர் வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, கம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். என் ஆட்சேபம் வேறு. எல்லோருக்கும் காரணம் தெரியும், ஆனால் நிர்வாகம் வாயால் சொல்லாது. அந்தக் கேலரியில் வந்து உட்கார்ந்த கறுப்பின மாணவருக்கு 'உன் பக்கம்தான் நாங்கள்' என்ற ஒரு வார்த்தை அந்த விதியிலிருந்து கிடைக்கவில்லை. சட்டம் கையைக் கட்டிப்போட்ட இடத்தில் இது கெட்டிக்கார வழி. கை கட்டப்படாத தனியார் கிளப் இதே வழியில் போனால் அது ஒளிந்துகொள்வது.

கொடி போன பிறகும் ஓல் மிஸ்ஸில் வேலை முடியவில்லை. வெள்ளைத் தாடிப் பண்ணையார் உருவமான 'கர்னல் ரெப்' சின்னத்தை 2003-இல் ஆட்டக்களத்திலிருந்து விலக்கினார்கள். வாத்தியக் குழு வாசிக்கும் ஒரு பாட்டின் முடிவில் 'தெற்கு மீண்டும் எழும்' என்று ஒரு கூட்டம் கத்துவது நிற்காததால் 2009-இல் அந்தப் பாட்டையே நிறுத்தினார்கள். 2015-இல் மாணவர் பேரவை தீர்மானம் போட, கான்ஃபெடரேட் சின்னம் மூலையில் பொதிந்திருந்த மாநிலக் கொடியையே வளாகத்துக் கொடிமரத்திலிருந்து இறக்கினார்கள். 2001-இல் அந்த மாநிலக் கொடியை மாற்றலாமா என்று நடந்த வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்ததை நினைத்தால், அந்த மாணவர்களின் துணிச்சல் புரியும்.

பிறகு 2020 ஜூன். ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவரைக் காவலர் கொன்றதற்குப் பிந்தைய வாரங்கள். தென்கிழக்குக் கல்லூரி லீக்கின் தலைவர் கிரெக் சாங்கி, கொடி மாறாவிட்டால் மிசிசிப்பியில் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை நடத்துவதை நிறுத்த யோசிப்போம் என்றார். மிசிசிப்பி ஸ்டேட் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் கைலின் ஹில், கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆட மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். மாநிலத்தின் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் கூட்டமாகச் சட்டமன்றத்துக்குப் போய்ப் பேசினார்கள். ஜூன் 28 அன்று சட்டமன்றம் வாக்களித்தது, 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். 1894 முதல் பறந்த கொடி இறங்கியது. பத்துப் பன்னிரண்டு நாளில் நடந்தது போலத் தெரியும். ஹாக்கின்ஸ் கொடியைத் தூக்க மறுத்ததிலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு ஆண்டுகள். நான்காவது வழியின் பலமும் பலவீனமும் இதுதான். நின்று பலன் தருகிறது, ஆனால் அதுவரை ஒரு தலைமுறை மாணவர்கள் அந்தக் கேலரியைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களிடம் பொறுமையாக இரு என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

நாஸ்கார்: பெயர் சொல்லித் தடை

நாஸ்கார் கார் பந்தயம் தனியார் அமைப்பு, முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வெள்ளை வெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற பிறகு, பந்தயத் தளங்கள் ரசிகர்களிடம் கான்ஃபெடரேட் கொடி வேண்டாமே என்று கேட்டுக்கொண்டன. டேட்டோனாவில் அதைக் கொடுத்தால் அமெரிக்கக் கொடி தருகிறோம் என்றுகூடச் சொன்னார்கள். பெரிதாக யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, முதன்மைத் தொடரில் முழுநேரம் ஓட்டிய ஒரே கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ், இந்தக் கொடிகளை எடுங்கள் என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கேட்டார். இரண்டே நாளில், 2020 ஜூன் 10 அன்று, தடை வந்தது.

ஓல் மிஸ் விதியில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. காரணத்தை மறைக்கவில்லை. எல்லா ரசிகர்களும் ஓட்டுநர்களும் வரவேற்கப்பட வேண்டிய சூழலுக்கு இந்தக் கொடி எதிரானது என்று எழுத்தில் சொன்னார்கள். அதே மாதம் டலடேகாவில் பந்தயத் தளத்துக்கு வெளியே சாலையில் லாரிகளில் கொடி கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வலம் வந்தது. மேலே ஒரு விமானம் கொடியை இழுத்துக்கொண்டு பறந்தது. தடை வாசலோடு முடிந்துவிடுகிறது என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். முடியட்டுமே. கேலரிக்குள் ஒரு குழந்தை தலைநிமிர்ந்து உட்கார முடிந்தால் தடை தன் வேலையைச் செய்துவிட்டது. 2021 அக்டோபரில் அதே டலடேகாவில் வாலஸ் ஜெயித்தார். 1963-இல் வெண்டல் ஸ்காட் ஜெயித்ததற்குப் பிறகு அந்தத் தொடரில் ஒரு கறுப்பின ஓட்டுநரின் முதல் வெற்றி.

தடையால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. 2014 அக்டோபரில் பெல்கிரேடில் செர்பியா, அல்பேனியா ஆட்டத்துக்கு அல்பேனிய ரசிகர்களையே உள்ளே விடவில்லை. அண்டை நாடுகளின் பகுதிகளையும் சேர்த்து வரைந்த 'அகன்ற அல்பேனியா' வரைபடம் போட்ட கொடி ட்ரோனில் தொங்கி வானத்திலிருந்து இறங்கியது. ஆட்டக்காரர்கள் மோதினார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது.

என் கேள்விக்கே சோதனை வைக்கும் கொடிகளும் உண்டு. ஜப்பானின் கதிர்விடும் சூரியக் கொடி அங்கே பலருக்கு மீனவர் படகிலும் திருவிழாவிலும் பார்த்துப் பழகிய கொடி. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியர்களுக்கு அது ராணுவத்தின் கொடி. 2017-இல் தென்கொரியாவின் சுவோனில் நடந்த ஆட்டத்தில் ஜப்பானின் கவாசாகி அணி ரசிகர்கள் அதைக் காட்டியதற்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15,000 டாலர் அபராதம் போட்டது. கொண்டுவந்தவர் மனதில் வெறுப்பு இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் ஆட்டம் நடந்தது கொரிய மண்ணில். பிடித்திருப்பவரின் மனதை விட, எதிரே உட்கார்ந்திருப்பவரின் வரலாறே அங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது 2013 ஜூனில் கார்டிஃபில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய கிரிக்கெட் அரையிறுதி நினைவுக்கு வராமல் இல்லை. முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டுத் தமிழர்கள் சிலர் மைதானத்துக்குள்ளேயே ஓடினார்கள். அது நம்மவர்களின் துயரம் என்பதால் என் மனம் உடனே அவர்கள் பக்கம் போகிறது. ஆனால் கொரியர்களுக்குப் பொருத்திய அளவுகோலை இங்கே மட்டும் கீழே வைக்க முடியாது. புலிக்கொடியைப் பார்க்கும் ஒரு சிங்களக் குடும்பத்துக்கு என்ன நினைவு வரும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். துயரத்தைச் சொல்லும் பதாகைக்கு கேலரியில் இடம் வேண்டும், அதை எந்தப் பொது விதியும் பறிக்கக் கூடாது. எந்தச் சின்னத்தோடு சொல்வது என்பது தனிக் கேள்வி.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

தனியார் கிளப் அல்லது லீக் என்றால் மூன்றாவது வழிதான், ஆனால் நான்காவதைச் செய்து முடித்த கையோடு. முதலில் தன் சட்டையில், தன் கொடிமரத்தில், தன் கடையில் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டார்லிங்டன் பந்தயத்துக்கு 'ரெபல்' (கலகக்காரர், அதாவது கான்ஃபெடரேட் படையினர்) என்று பேர் வைத்து நடத்தியது நாஸ்கார் உலகம்தான். ஓல் மிஸ்ஸில் கொடியைக் கையில் திணித்தது சியர்லீடர்கள்தான். தான் கொடுத்ததைத் தான் திரும்பப் பெறாமல் ரசிகனை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம். அரசு நிறுவனமாக இருந்து சட்டம் தடுக்கிறது என்றால் கம்பு விதி போதும், கூடவே காரணத்தை ஒரு தலைவரோ பயிற்சியாளரோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம் விதியைத்தான் தடுக்கிறது, பேச்சைத் தடுக்கவில்லை. கிளப்புக்கு அபராதம் என்பதை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன், ஆட்களுக்கு ஆபத்து வந்த இடத்தைத் தவிர.

பெயர் சொல்லும் தடை சிறியதாக இருக்க வேண்டும். ஒரு கொடி, அதிகம் போனால் இரண்டு. வாசலில் அதன் படத்தை ஒட்டி, ஏன் கூடாது என்று இரண்டு வரி எழுத வேண்டும். அந்த இரண்டு வரியை எழுதும்போது அந்தக் கொடியால் காயப்பட்ட ரசிகர்களும் ரசிகர் சங்கமும் கூட உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தில் இல்லாத எதையும் காவலர் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு எண் இருக்க வேண்டும், எடுப்பவர் ஆட்டம் தொடங்குவதற்குள் முடிவு சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். வாங்கி வைத்த கொடிக்கு ரசீது கொடுத்து, ஆட்டம் முடிந்து போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.